நாச்சிமுத்து அண்ணன் தங்கிய அறை

எந்த மருத்துவமனையில் யாரைப் பார்ப்பது, எந்த மருந்தை எந்த விலைக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதையெல்லாம் உங்கள் மேலாளர் சொல்லித் தருவார். ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தால் பழம்பெருமைதான் பேசுவாள் என்று நீங்கள் நினைத்தால் அதிலும் தவறில்லை. ஆனால் நான் வியாபாரத்தைப் பற்றிப் பேச வரவில்லை. இனிமேல் மாதத்தில் பாதி நாள் நீங்கள் ஓட்டல் அறையில்தான் தூங்கப் போகிறீர்கள். அந்த வாழ்க்கையைப் பற்றி யாரும் வகுப்பு எடுப்பதில்லை. அதனால் திருநெல்வேலியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு வேண்டிய ரசாயனங்களை விற்பது என் வேலை. பிறந்தது தூத்துக்குடி. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி மதுரையில் குடியிருந்தேன். தெற்கே நாலைந்து ஊர்களில் கிளை வைத்திருந்த ஓட்டல் ஒன்றோடு எங்கள் கம்பெனிக்கு ஓர் ஏற்பாடு உண்டு. எங்கள் ஆட்கள் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஓட்டலின் கிளையில்தான் தங்க வேண்டும். அவர்களுக்குத் தலைமை அலுவலகம் சென்னையில். எல்லாக் கிளைக்கும் ஒரே சட்டம்.

அந்தச் சட்டத்தில் தனியாக வரும் பெண்ணுக்கு அறை கிடையாது. இது எனக்கும் தெரியாது, எனக்கு அறை பதிவு செய்த எங்கள் அலுவலகத்துக்கும் தெரியாது. திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, பெட்டியோடு போய் வரவேற்பு மேசை முன்னால் நின்றேன். அங்கே இருந்தவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கூட யாரு வாராங்க மேடம்?"

"யாரும் இல்லை. நான்தான்."

"தனியா வார லேடீசுக்கு ரூம் குடுக்கதில்ல. ரூல்சு."

பேச்சு நீண்டபோது உள்ளேயிருந்து மேனேஜர் வந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, பைய நடக்கிற ஆள். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. எங்கேயும் தன் பெயர் வருவது அவருக்குப் பிடிக்காது. என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். "எந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்க, குடும்பத்தோட தங்குத ஆட்களுக்கு உள்ள மாடியில தாரேன்" என்று அவரே முன்னால் நடந்தார்.

மறுநாள் காலையில் காபி கொண்டுவந்த இசக்கி என்ற பணியாளர் என்னை 'டீச்சர்' என்றார். துணி வாங்க வந்தவரும் 'டீச்சர்' என்றார். கீழே போய் மேனேஜரிடம் கேட்டேன்.

"நீங்க டீச்சர் இல்லன்னு எனக்குத் தெரியும்மா. ஒரு பொம்பள தனியாத் தங்குதான்னா ஆளுக்கு ஒரு கதை கெட்டுவான். பரீட்சை மேற்பார்வைக்கு வந்த டீச்சர்னு சொல்லி வச்சேன். எல்லாரும் வாய மூடிக்கிட்டாங்க."

"நான் மாசா மாசம் வருவேனே. மாசா மாசம் பரீட்சை நடக்குமா?"

"அதெல்லாம் இங்க எவன் கேக்கப் போறான்" என்றார்.

அன்றிலிருந்து அந்த ஓட்டலில் நான் டீச்சர்தான். உங்களில் பெண்களுக்கு இன்று இந்தத் தொல்லை குறைவு. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும், சட்டத்தைச் சொல்கிறவரோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால், அந்தச் சட்டத்தை வளைக்கும் தைரியம் உள்ளவர் உள்ளே யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் இருப்பார்.

இப்படி மாதா மாதம் போய்வந்ததில் அதே ஓட்டலில் வழக்கமாகத் தங்கும் இன்னொருவர் பழக்கமானார். ஈரோட்டுக்காரர். பெயர் நாச்சிமுத்து. அரிசி மில்களில் நெல் உமியை நீக்கும் ரப்பர் உருளைகளை விற்பவர். சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் பக்கத்து மில்காரர்கள் அத்தனை பேரையும் அவருக்குத் தெரியும். ஸ்ரீவைகுண்டம் போய்த் திரும்பும் நாளில் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும். வரவேற்பில் இருப்பவரிலிருந்து தரை துடைப்பவர் வரை ஆளுக்கு ஒன்று கொடுப்பார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும், "டீச்சர், பசங்கெல்லாம் ஒழுங்காப் பரீட்சை எழுதறாங்களா?" என்று காலைச் சாப்பாட்டு மேசையில் கேட்பார். ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள் என்று அடிக்கடி சொல்வார். எனக்கு அவர் அண்ணன்.

ஒரு நாள் மத்தியானம் பாளையங்கோட்டையிலிருந்து ஓட்டலுக்குத் திரும்பினேன். கீழே இருந்த சிறிய மண்டபத்தில் அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஒரு நிச்சயதார்த்தம். படியில் இசக்கி ஓடி வந்தார். "டீச்சர், நாச்சிமுத்து அண்ணாச்சிக்கு நெஞ்சு வலி. மேனேஜர் உங்களத் தேடுதாரு. உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர் யாரும் இருக்காங்களா?"

எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் மருத்துவமனை வைத்திருந்தார். வரவேற்பிலிருந்தே போன் செய்துவிட்டு மேலே ஓடினேன். அண்ணன் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. மேனேஜர் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணன் சிரிக்கப் பார்த்தார்.

"டீச்சர், ஊட்டுக்குச் சொல்லிப் போடாதீங்க. பயந்துக்குவா."

"சொல்லலைண்ணே. டாக்டர் வந்துக்கிட்டே இருக்காரு."

மருத்துவர் வந்தார். ஊசி போட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டிக்குச் சொன்னார். வண்டி வரும் முன்னால் அண்ணன் போய்விட்டார். மேனேஜர் தன் கையை உடனே எடுக்கவில்லை. மருத்துவர் அவர் தோளைத் தொட்ட பிறகுதான் எடுத்தார்.

சான்றிதழ், காவல் நிலையத்துக்குத் தகவல் போன்ற நடைமுறைகளை மருத்துவர் பார்த்துக்கொண்டார். அடுத்து மேனேஜர் சென்னைக்குப் போன் செய்தார். மறுமுனையில் பேசியவர் குரல் எனக்கே கேட்டது. கீழே விசேஷம் நடக்கிறது, விருந்தாளிகள் யாருக்கும் தெரியக் கூடாது, பின்படி வழியாக இறக்கி சமையலறைப் பக்கம் வண்டியை நிறுத்தி அனுப்புங்கள் என்றார். "சரிங்க சார்" என்று மேனேஜர் போனை வைத்தார்.

நானும் இசக்கியும் அவரோடு போய் அந்தப் பின்படியைப் பார்த்தோம். சரக்கு ஏற்ற, குப்பை இறக்கப் பயன்படும் இரும்புப் படி. சுழன்று சுழன்று இறங்கும். ஸ்ட்ரெச்சர் அதில் திரும்பாது.

"இதுல எப்படில கொண்டு போறது?" என்றார் மேனேஜர்.

"நாற்காலில உக்கார வச்சி, கயித்தால கெட்டித்தான் எறக்கணும் அண்ணாச்சி. நீங்க லீவுல போயிருந்தப்ப ஒருத்தர அப்படித்தான் எறக்குனோம்" என்றார் இசக்கி. சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

மேனேஜர் அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நேத்து சாயங்காலம் முன்வாசல்ல வந்து நின்னு சாவி கேட்டாரு. பழம் குடுத்தாரு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "முன்வாசல் வழியாத்தான் கொண்டு போணும் டீச்சர். கீழ விசேஷ வீட்டுக்காரங்ககிட்ட நான் கேக்கேன். அதுக்கு முன்னால ஈரோட்டுக்கு ஒரு போன் போடணும். நான் பேசுனா அந்தம்மா பதறிருவாங்க. நீங்க பேசுதீங்களா? சீரியசா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. மத்தது வந்து தெரிஞ்சிக்கிடட்டும்."

எல்லோரும் செய்வது அதைத்தான். நானும் அப்படியே சொல்லலாம் என்றுதான் போனைக் கையில் எடுத்தேன். அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மளிகைக் கடையின் எண்தான் ஓட்டலில் இருந்தது. கடைக்காரர் போய் அவர் மனைவியை அழைத்துவரும் வரை காத்திருந்தேன். அந்த இடைவெளியில்தான் யோசித்தேன். சீரியஸ் என்று சொன்னால் அந்தப் பெண் மகளைக் கூட்டிக்கொண்டு கிடைத்த பஸ்ஸில் ஏறுவாள். கரூர், திண்டுக்கல், மதுரை என்று ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் வேண்டிக்கொண்டே வருவாள். இங்கே வந்து அத்தனை வேண்டுதலையும் கீழே போட வேண்டும். அதை அவளுக்குக் கொடுக்க எனக்கு என்ன உரிமை?

"யாருங்க?"

"அக்கா, திருநெல்வேலி ஓட்டல்ல இருந்து பேசுறேன். அண்ணன் என்னை டீச்சர்னு கூப்பிடுவாரு."

"டீச்சருங்களா? சொல்லியிருக்காருங்க. ஏனுங்க, அவருக்கு என்னாச்சுங்க?"

"பக்கத்துல கடைக்காரர் இருக்காராக்கா? ஒரு ஸ்டூல் போடச் சொல்லுங்க. உட்காருங்க."

ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. அதற்குள் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"அண்ணன் தவறிட்டாருக்கா. இப்ப மத்தியானம்தான். நெஞ்சு வலி."

அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு கேட்டாள்.

"தனியாவா இருந்தாருங்க?"

"இல்லக்கா. மேனேஜர் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. டாக்டர் இருந்தாரு. நானும் இருந்தேன்."

"வலிச்சுதுங்களா?"

"கொஞ்ச நேரம் வலிச்சுதுக்கா. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாரு. நீங்க பயந்துக்குவீங்களாம்."

அப்போதுதான் அழுதாள். நான் போனைப் பிடித்தபடி நின்றேன். மேனேஜர் எனக்கு எதிரே தலை குனிந்து நின்றார். வெகு நேரம் கழித்து, "நான் கெளம்பி வரட்டுங்களா?" என்றாள்.

"வேண்டாம்க்கா. நீங்க வீட்டுல இருங்க. நாங்க கூட்டிக்கிட்டு வர்றோம்."

அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. உயிரோடு இருப்பவரைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். "சரிங்க, கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள்.

உங்களுக்கும் இப்படி ஒரு போன் பேச வேண்டிய நாள் வரக்கூடாது. வந்தால், முதலில் அவர்களை உட்காரச் சொல்லுங்கள். பிறகு உள்ளதைச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடிக்கும் வரை போனை வைக்காதீர்கள்.

அடுத்து நாங்கள் மண்டபத்துக்குப் போனோம். பெண் வீட்டார் சேரன்மகாதேவிக்காரர்கள். பெண்ணின் அப்பா தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அம்மா தாம்பூலத் தட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் நாகஸ்வரம். மேனேஜர் சுற்றி வளைக்கவில்லை.

"அய்யா, உங்ககிட்ட மறைக்காமச் சொல்லுதேன். மேல ஒருத்தர் தவறிட்டாரு. வெளியூரு. பின்னால ஒரு வழி இருக்கு, ஆனா அதுல நாற்காலில வச்சிக் கெட்டித்தான் எறக்கணும். எனக்கு மனசு வரல. முன்வாசல் வழியாக் கொண்டு போக விடுவீங்களா? வேண்டாம்னு சொன்னீங்கன்னா கேட்டுக்கிடுதேன். உங்க மேல குத்தம் சொல்ல மாட்டேன்."

பெண்ணின் அப்பா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருடைய அக்கா குறுக்கே வந்தார். "நல்ல காரியம் நடக்க எடத்துல இதென்ன பேச்சு? மாப்பிள வீட்டுக்காரங்க இப்ப வந்துருவாங்க. தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க?"

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நானாக இருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன். மேனேஜர் நின்றார். அப்போது பெண்ணின் அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"அவியளுக்குப் பிள்ளைய உண்டுமா?"

"ஒரு பொண்ணும்மா. காலேஜ்ல படிக்கி."

"என்ன வேலையா வந்தாரு?"

"மில்லு மில்லாப் போயி சாமான் விக்கிற வேலைங்க. மாசத்துக்குப் பாதி நாளு இங்கனதான் கெடப்பாரு."

அந்த அம்மா நாத்தனாரைப் பார்த்தார். "மதினி, நம்ம மாப்பிளைக்கும் ஊரு ஊராச் சுத்துத வேலைதான. நாளைக்கி எந்த ஊர்ல எந்த மாடியில தங்குவாரோ, யாரு கண்டா?" என்றார். பிறகு மேனேஜரிடம், "கொண்டு போங்க. மாப்பிள வீட்டுக்காரங்க வாரதுக்குள்ள கொண்டு போயிருங்க" என்று சொல்லிவிட்டு, அவரே போய் நாகஸ்வரத்தை நிறுத்தினார்.

மேனேஜர் சலவைக்குப் போகாத புதுப் படுக்கை விரிப்பு ஒன்றைப் பிரித்து அண்ணனுக்குப் போர்த்தினார். இசக்கி, மேனேஜர், சமையல்காரர், வண்டியோடு வந்த ஓட்டுநர் என்று நால்வர் தூக்கினார்கள். முன்படி அகலமானது. சமையலறை ஆட்கள் கையைக் கழுவிவிட்டு வரவேற்புக் கூடத்தில் வந்து நின்றார்கள். மண்டபத்துப் பெண்கள் பட்டுப் புடவையோடு வாசலில் வந்து நின்றார்கள். மணப்பெண்ணும் நின்றாள். நான் முதன்முதலாக வந்த அன்று என்னிடம் சட்டம் பேசிய வரவேற்பாளர் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து கைகூப்பினார்.

போர்ட்டிகோவை அடையும்போது மாப்பிள்ளை வீட்டு வேன் உள்ளே திரும்பியது. சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார்கள். தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். பெண்ணின் அம்மா எங்களைத் தாண்டி வேகமாக இறங்கிப் போய், வேனின் முன்சீட்டில் இருந்த மாப்பிள்ளையின் அம்மாவிடம் நேரே பேசினார்.

"கோவிச்சுக்கிடாதீங்க. இங்க தங்கியிருந்த ஒருத்தர் தவறிட்டாரு. நாந்தான் இப்படிக் கொண்டு போகச் சொன்னேன்."

மாப்பிள்ளையின் அம்மா ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார், பெண்ணின் அம்மாவைப் பார்த்தார். எங்கள் எல்லோர் உயிரும் அந்த அம்மாவின் வாயில் இருந்தது. "மொதல்ல அவங்க போகட்டும். நாம பொறவு எறங்குவோம்" என்றார்.

கடைசிப் படியில் வயதான சமையல்காரருக்குக் கை தளர்ந்தது. ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கம் சாய்ந்தது. வேனின் பின்கதவைத் திறந்துகொண்டு ஓர் இளைஞர் குதித்து வந்து அந்த முனையைத் தாங்கினார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். அவர்தான் மாப்பிள்ளை. வண்டிக்குள் அண்ணனை வைக்கும்வரை கையை எடுக்கவில்லை.

சற்று முன்னால் தடுத்துப் பேசிய அத்தைதான் முதலில் வாய் திறந்தார். "மாப்பிள குளிச்சிட்டு வரட்டும். நேரம் கெடக்கு" என்றார். மேனேஜர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, வண்டியின் முன்சீட்டில் ஏறினார். இசக்கி பின்னால் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈரோடு வரைக்கும் இரண்டு பேரும் போனார்கள்.

அன்று நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. பெண்ணின் அம்மா ஆள் அனுப்பி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் இலையில் இரண்டு தடவை பாயசம் விடச் சொன்னார்.

சென்னைக்கு விஷயம் போகாமல் இருக்குமா? மேனேஜரை ஓசூர்க் கிளைக்கு மாற்றினார்கள். அவருக்கு வரவேண்டியிருந்த பதவி உயர்வும் நின்றது. நான் வருத்தப்பட்டுப் பேசினேன். அவர், "ஓசூர் குளிருமாமே டீச்சர். ஸ்வெட்டர் இங்க வாங்கட்டா, அங்க போயி வாங்கட்டா?" என்று கேட்டார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விடவில்லை.

அவர் கிளம்பும் வாரத்தில் நான் திருநெல்வேலியில் இருந்தேன். காரியமெல்லாம் முடிந்து அண்ணனின் மனைவி மகளோடு வந்திருந்தாள். மேனேஜருக்கும் எனக்கும் நன்றி சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, "அவரு தங்குன ரூம ஒருக்கா பாக்கலாங்களா?" என்றாள்.

மேனேஜர் அறையைத் திறந்துவிட்டு வெளியே நின்றுகொண்டார். அவள் அதுவரை எந்த ஓட்டலிலும் தங்கியதில்லை. கட்டிலின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து மூடினாள். குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். கடைசியாக ஜன்னல் திரையை விலக்கினாள். ஓட்டுக் கூரைகளுக்கும் தென்னைகளுக்கும் அப்பால் தாமிரபரணி வளைந்து போவது தெரிந்தது. மணலில் யாரோ வெள்ளைத் துணிகளை விரித்துக் காயப்போட்டிருந்தார்கள்.

"ஆறு தெரியுதுங்க" என்றாள்.

"ஆமாக்கா."

"போன் பேசறப்பெல்லாம் ரூமு எப்படி இருக்குன்னு கேப்பனுங்க. எல்லா ஊருலயும் ஒரே மாதிரிதான், கட்டிலு, பேனு, பாத்ரூமுன்னு சொல்லுவாருங்க. இத்தன வருசத்துல ஆறு தெரியும்னு ஒரு தடவ சொன்னதில்லீங்க."

குறையாகச் சொல்லவில்லை. ஏதோ ஒன்று புதிதாகக் கிடைத்ததுபோலச் சொன்னாள். மகள் அருகே வந்து அம்மாவின் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வெகு நேரம் ஜன்னலில் நின்றார்கள். நான் மெல்ல வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

மறுநாள் நாகர்கோவில் போனேன். அங்கும் அதே ஓட்டலின் கிளைதான். மேனேஜர் முன்பே சொல்லிவைத்திருந்ததால் அங்கேயும் நான் டீச்சர்தான். வேலை முடிந்ததும் வழக்கம்போல வீட்டுக்குப் போன் செய்தேன். என் மகள் எடுத்தாள். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. சாப்பிட்டாயா, வீட்டுப்பாடம் எழுதினாயா, அப்பாவிடம் கொடு. எங்கள் பேச்சு எப்போதும் அவ்வளவுதான். அன்று சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, போன் வயர் எட்டும் தூரம் வரை நடந்து போய் ஜன்னல் திரையை இழுத்தேன்.

"இங்க ஜன்னலுக்கு வெளியே ஒரு மலை தெரியுது" என்றேன். "மலை மேல பாதியில ஒரு மேகம் நிக்குது. கீழே ஒரு லாரி நிறைய வாழைத்தார். ஒருத்தர் அது மேலேயே படுத்துத் தூங்குறாரு."



"அப்புறம்?" என்றாள்.